மலேர்கோட்லா 1947இல் தப்பியது எப்படி?

"பஞ்சாபில் மலேர்கோட்லா என்ற ஊரில் மட்டும் பிரிவினையின்போது ஒரு முஸ்லிம்கூடக் கொல்லப்படவில்லையாம். குரு கோவிந்த் சிங் அந்த ஊருக்குக் கொடுத்த வாக்குதான் காரணமாம். இது நிஜமா? அங்கே யார் இருக்கிறார்கள், போய்ப் பார்க்கும்படியான ஊரா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பார்வைக்கு இது ஒரு ஐதீகம் உண்மையா பொய்யா என்ற கேள்வி. நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு என்று நினைக்கிறேன். கிழக்குப் பஞ்சாப் முழுவதும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டோ துரத்தப்பட்டோ காலியானபோது, நடுவில் ஒரு ஊர் மட்டும் எப்படி அப்படியே இருந்தது? அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன். பட்டியாலாவில் வரலாறு படித்தவன், சீக்கியச் சமஸ்தானங்களைப் பற்றிப் பல வருடம் பாடம் நடத்தியவன் என்பது மட்டுமே எனக்குள்ள தகுதி. பக்தி மரபுக்குள் நின்று பேச எனக்கு அதிகாரம் இல்லை. ஆவணம் எதுவரை வருகிறது, எங்கே நின்றுபோகிறது என்று சொல்ல முடியும்.

முதலில் ஊர். லூதியானாவுக்குத் தெற்கே ஒன்றேகால் மணி நேரப் பயணம். மாளவா என்று பஞ்சாபிகள் சொல்லும் சட்லஜுக்குத் தெற்கேயுள்ள சமவெளி. 2011 கணக்கெடுப்பில் நகரத்தின் மக்கள்தொகை 1,35,424. அதில் நூற்றுக்கு 68 பேருக்கு மேல் முஸ்லிம்கள், ஐந்தில் ஒருவர் இந்து, பத்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவாகச் சீக்கியர். பஞ்சாப் மாநிலம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் முஸ்லிம்கள் இரண்டு சதவீதம்கூட இல்லை. இந்தியப் பஞ்சாபில் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள நகரம் இது ஒன்றுதான்.

ஊரின் தொடக்கம் ஒரு சூஃபியிடம் இருக்கிறது. ஷேக் சதுருதீன் என்கிற ஆப்கானியர். ஹைதர் ஷேக் என்றுதான் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். 15ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கே வந்து தங்கினார். டெல்லியை ஆண்ட பஹ்லூல் லோதி தன் மகளை அவருக்கு மணமுடித்து, சீராகச் சில பத்துக் கிராமங்களைக் கொடுத்தார் என்று குடும்ப வரலாறு சொல்கிறது. அந்தக் குடியிருப்புதான் மலேர். அவர் வழிவந்த பாயசீத் கான் 1657இல் பக்கத்தில் ஒரு கோட்டை நகரம் கட்டினார், அது கோட்லா. இரண்டும் வளர்ந்து ஒட்டிக்கொண்டன. ஷேக்கின் சந்ததியில் ஒரு கிளை நவாபுகள் ஆனது, இன்னொரு கிளை தர்காவைப் பார்த்துக்கொண்டது. ஆட்சியும் வழிபாடும் ஒரே ரத்தத்தில் வந்தன என்பதை நினைவில் வையுங்கள். பிறகு அது முக்கியமாகிறது.

இப்போது நீங்கள் கேட்ட கதை. டிசம்பர் 26ஆம் தேதியை வீர பாலகர் தினம் என்று ஒன்றிய அரசு கொண்டாடுகிறதே, அந்த நிகழ்வுதான். 1704 என்று மரபு சொல்லும், 1705 என்று கணக்குப் போடும் ஆய்வாளர்களும் உண்டு. ஆனந்தபூரை விட்டு வெளியேறும் குழப்பத்தில் சீக்கியரின் பத்தாவது குரு கோவிந்த் சிங்கின் இளைய மகன்கள் இருவரும், ஜோராவர் சிங்கும் ஃபதே சிங்கும், பாட்டியோடு பிரிந்துபோய் சிர்ஹிந்தின் முகலாய ஆளுநர் வசீர் கானிடம் பிடிபட்டார்கள். மூத்தவனுக்கு ஒன்பது வயது, இளையவனுக்கு ஆறோ ஏழோ. மதம் மாற மறுத்ததால் இருவரையும் உயிரோடு சுவரில் வைத்துக் கட்ட உத்தரவானது. அந்த தர்பாரில் மலேர்கோட்லா நவாப் ஷேர் முகமது கான் இருந்தார். அவருடைய சகோதரர் நாஹர் கான் சம்கௌர் போரில் சீக்கியர் கையில் இறந்திருந்தார். "இதோ உன் தம்பியின் ரத்தத்துக்குப் பழி" என்று வசீர் கான் பிள்ளைகளைக் காட்ட, பழிதீர்க்க வேண்டுமென்றால் போர்க்களத்தில் தகப்பனிடம் தீர்த்துக்கொள்கிறேன், பச்சைப் பிள்ளைகளிடம் அல்ல என்று சொல்லி, எதிர்ப்புக் குரல் எழுப்பிவிட்டு நவாப் வெளியேறினார். "ஹா தா நாரா" என்று அந்தக் குரலுக்குப் பெயர். ராய்கோட்டில் இருந்த குருவுக்கு நூரா மாஹி என்ற முஸ்லிம் ஆள் செய்தி கொண்டுவந்தான். குரு தரையிலிருந்து ஒரு செடியைப் பிடுங்கியபடி, இந்த ஆட்சியின் வேர் இப்படித்தான் பறிக்கப்படும், மலேர்கோட்லாவின் வேர் மட்டும் பச்சையாக இருக்கும் என்றார். மரபு சொல்வது இவ்வளவு.

இதில் எது திடம்? பிள்ளைகள் கொல்லப்பட்டது திடம். நாஹர் கான் சண்டையில் இறந்ததும் அப்படியே. குருவே ஔரங்கசீபுக்குப் பாரசீகத்தில் எழுதிய ஜஃபர்நாமா மடலில் நாஹர் தன் அம்பின் சுவை அறிந்ததைச் சொல்கிறார். ஷேர் முகமது கான் தர்பாரில் பேசியது பிற்காலச் சீக்கிய நூல்கள் வழியாகத்தான் நமக்கு விரிவாகக் கிடைக்கிறது. ரத்தன் சிங் பங்கூ 1841இல் எழுதியதில் தெளிவாக இருக்கிறது. நிகழ்வுக்கும் அந்த ஏட்டுக்கும் நடுவே நூற்று முப்பது வருட இடைவெளி. அதனால் நடக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. எதிரித் தரப்பு முஸ்லிம் நவாபைப் புகழ சீக்கிய ஆசிரியர்களுக்கு எந்த அவசியமும் இல்லை. புகழ்ந்திருக்கிறார்கள் என்றால் அடியில் ஏதோ ஒரு நிஜம் கிடக்கிறது என்பது என் கணிப்பு. செடியைப் பிடுங்கிச் சொன்ன வாக்கை மட்டும் நான் வரலாறாக எடுத்துக்கொள்ள மாட்டேன், அது நம்பிக்கையின் எல்லைக்குள் இருக்கிறது.

வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தக் கதையில் வராத பகுதி ஒன்று உண்டு. அதே ஷேர் முகமது கான் கடைசிவரை சீக்கியரின் எதிரியாகவே இருந்தார். 1710 மே மாதம் சீக்கியப் படைத்தலைவர் பந்தா சிங் பகதூர் சிர்ஹிந்தைத் தாக்கியபோது வசீர் கான் பக்கம் நின்று சண்டையிட்டு இறந்தார். அவர் ஆட்கள் அனூப் கௌர் என்ற சீக்கியப் பெண்ணைக் கடத்தியதாகவும், அவள் தன்னைக் குத்திக்கொண்டு இறந்ததாகவும், பந்தா வந்து சமாதியைத் தோண்டி உடலை எடுத்து எரியூட்டியதாகவும் இன்னொரு மரபு. புண்ணியவான் நவாப் என்ற ஒற்றைப் படம் அங்கேயே கலைகிறது. பந்தா சிர்ஹிந்தைச் சூறையாடினார், மலேர்கோட்லாவைத் தரைமட்டமாக்கவில்லை. ஆசியை மதித்துத்தான் விட்டார் என்பார்கள். பணம் வாங்கிக்கொண்டு விட்டார் என்றும் சொல்வார்கள். இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கலாம், அந்தக் காலத்தில் அது முரண் இல்லை.

அடுத்தது இன்னும் கசப்பானது. 1762 பிப்ரவரி 5ஆம் தேதி, ஊரிலிருந்து வடக்கே சில மைல் தள்ளியுள்ள குப் கிராமத்தில் ஆப்கானிய மன்னர் அகமது ஷா அப்தாலியின் படை, பெண்களும் குழந்தைகளுமாகப் போய்க்கொண்டிருந்த சீக்கியர் கூட்டத்தை மடக்கி வெட்டியது. வட்டா கல்லுகாரா, பெரும் படுகொலை என்று சீக்கியர் இன்றும் நினைவுகூர்வது அதைத்தான். பலியானோர் பத்தாயிரம் என்பவர்களும் முப்பதாயிரம் என்பவர்களும் இருக்கிறார்கள். அப்போதைய மலேர்கோட்லா நவாப் பீக்கன் கான் அப்தாலிக்குத் துணை நின்றார். மறுவருடம் சீக்கியரோடு நடந்த சண்டையில் இறந்தார். 1764இல் சீக்கியர் சிர்ஹிந்தைக் கைப்பற்றிச் செங்கல் செங்கலாக உருவினார்கள். மலேர்கோட்லா சில கிராமங்களை இழந்தது, ஆனால் பிழைத்தது. எனக்கு இந்த இடம்தான் கதையின் மையம். ஆசியை மறப்பதற்குச் சீக்கியருக்கு நல்ல காரணம் கிடைத்தது. ஆனாலும் மறக்கவில்லை.

அதன்பிறகு அரசியல் மெதுவாகத் திசை மாறுகிறது. பட்டியாலா மன்னர்களோடு முதலில் சண்டை, பிறகு உடன்படிக்கை, பிறகு தோழமை. 1794இல் குருநானக் வம்சத்தவரான சாஹிப் சிங் பேடி பசுவதையைக் காரணம் காட்டி மலேர்கோட்லா மீது படையெடுத்தபோது, நவாபைக் காப்பாற்றியது சீக்கியரான பட்டியாலா அரசின் படை. 1808இல் லாகூரை ஆண்ட சீக்கிய மகாராஜா ரஞ்சித் சிங் வந்து ஒரு லட்சம் ரூபாய் கப்பம் கேட்டார். மறுவருடமே சட்லஜுக்குத் தெற்கேயுள்ள சிற்றரசுகள் எல்லாம் ஆங்கிலேயர் குடைக்குள் ஒதுங்கின, மலேர்கோட்லாவும் அப்படித்தான். சின்ன ராஜ்யம், சுற்றிலும் பெரிய சீக்கிய ராஜ்யங்கள். அண்டை வீட்டாரோடு சமாதானமாக இருப்பது அந்த நவாபுகளுக்குத் தத்துவம் அல்ல, பிழைப்பு.

1872 ஜனவரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்; "மத நல்லிணக்க ஊர்" என்று எழுதுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சத்குரு ராம் சிங்கைப் பின்பற்றிய நாம்தாரி சீக்கியர்கள், கூக்கர்கள் என்றும் சொல்வார்கள், பசுவதைக்கு எதிராகக் கொதித்துக்கொண்டிருந்தார்கள். முந்தைய ஆண்டு அமிர்தசரசிலும் ராய்கோட்டிலும் இறைச்சிக்கடைக்காரர்கள் கொல்லப்பட்டு, அதற்காகக் கூக்கர்கள் தூக்கிலிடப்பட்டிருந்தார்கள். ராம் சிங்கின் சொல்லை மீறி நூற்றைம்பது பேர் அளவில் ஒரு கூட்டம் புறப்பட்டு, ஜனவரி 14 மலௌதிலும் மறுநாள் மலேர்கோட்லாவிலும் பாய்ந்தது. ஆயுதமும் குதிரையும் எடுப்பது நோக்கம். ஊருக்குள் சண்டை நடந்து இரு பக்கமும் ஆட்கள் செத்தார்கள். தப்பியவர்கள் பட்டியாலா எல்லைக்குள் பிடிபட்டார்கள். லூதியானா துணை ஆணையர் கோவன், விசாரணையும் இல்லாமல், மேலிடத்து அனுமதிக்கும் காத்திராமல், ஜனவரி 17 அன்று 49 பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்தார். ஐம்பதாவது ஆள் திமிறிப் பாய்ந்து கோவனின் தாடியைப் பற்றிக்கொள்ள, அங்கேயே வாளால் வெட்டிப்போட்டார்கள். அது பன்னிரண்டு வயதுப் பையன் என்பது நாம்தாரி மரபு. மறுநாள் ஆணையர் ஃபோர்சைத் வந்து மேலும் 16 பேருக்கு அதே தண்டனை கொடுத்தார். கோவன் வேலையை இழந்தார், ஃபோர்சைத் வேறு மாகாணத்துக்கு மாற்றப்பட்டார், ராம் சிங் பர்மாவுக்கு நாடு கடத்தப்பட்டார். ஊரில் இப்போது நாம்தாரி நினைவிடம் இருக்கிறது. அங்கே வானளாவ நிற்கும் கண்டா என்ற இருபுறக் கூர்வாளில் 66 துளைகள். தாக்கியவர்கள் சீக்கியர்கள், தாக்கப்பட்டது குருவின் ஆசி பெற்ற ஊர், தண்டித்தவன் வெள்ளைக்காரன், பீரங்கி கொடுத்தவை சீக்கியச் சமஸ்தானங்கள். ஆசி ஒன்றே போதுமென்றால் 1872 நடந்திருக்கக் கூடாது.

20ஆம் நூற்றாண்டும் வெள்ளையாக இல்லை. 1927இல் குத்தாலா கிராமத்தில் வரிக்கொடுமையை எதிர்த்த விவசாயிகள் மீது நவாபின் படை சுட்டது. இறந்தவர்களுக்கு அந்தக் கிராமம் இன்றும் அஞ்சலி செய்கிறது. 1935 வாக்கில் ஒரு இடத்தில் ஆரத்தியும் தொழுகையும் ஒரே நேரத்தில் நடந்ததில் தகராறு பற்றி, சமஸ்தானமே இரண்டுபட்டுக் கிடந்தது. பிரிவினைக்குப் பன்னிரண்டு வருடம் முன்னால் அந்த ஊரைப் பார்த்த யாரும் இது அமைதிப் பூங்கா என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

அப்படியானால் 1947? பல காரணங்கள் சேர்ந்தன, எதைத் தூக்கி முன்னால் வைப்பது என்பதில்தான் ஆய்வாளர்களுக்குள் வேறுபாடு. ஒன்று, அங்கே ஆண்டவர் முஸ்லிம். இதன் எடை புரிய கபுர்தலாவைப் பாருங்கள். அந்தச் சமஸ்தானத்தில் குடிகளில் பாதிக்கு மேல் முஸ்லிம்கள், மன்னர் சீக்கியர். சில மாதங்களில் முஸ்லிம்கள் அனேகமாக யாருமே அங்கே மிஞ்சவில்லை. எண்ணிக்கை காப்பாற்றவில்லை. பட்டியாலாவிலோ சமஸ்தானப் படையினரே கொலைகளில் கை நனைத்ததாகச் சாட்சியங்கள் உண்டு. மலேர்கோட்லாவில் நவாப் அகமது அலி கானின் சிறிய படை எல்லையைக் காவல் காத்தது, அதே படை உள்ளேயிருந்த இந்து, சீக்கியக் குடிகளையும் தொட விடவில்லை. முதல் உலகப் போர் பார்த்த சப்பர் (ராணுவப் பொறியியல்) படைப்பிரிவு அவர்களுடையது, ஒழுங்கு தெரிந்த ஆட்கள். நவாப் அந்த அக்டோபரில் இறந்தார். மகன் இஃப்திகார் அலி கான் பாகிஸ்தானுக்குப் போகவில்லை. 1982இல் இறக்கும்வரை இங்கேயே இருந்தார். ராஜா மூட்டை கட்டாத ஊரில் பிரஜையும் மூட்டை கட்ட யோசிப்பான்.

இரண்டாவது, கிராமங்கள். ஊருக்குள் முஸ்லிம்கள் அதிகம் என்றாலும் சமஸ்தானம் முழுவதையும் பார்த்தால் முஸ்லிம்களும் சீக்கியர்களும் ஏறக்குறைய சமம், மூன்றில் ஒரு பங்கைத் தாண்டி ஆளுக்கு. இந்துக்கள் அதற்குக் கொஞ்சம் கீழே. கத்தி தூக்கினால் இழப்பு எல்லோருக்கும். மூன்றாவது, தர்கா, அதற்கு வருகிறேன். நான்காவதாகத்தான் அந்த ஆசி. கொலைக் கும்பல்கள் சமஸ்தான எல்லைவரை வந்து, இது குருவின் வாக்குப் பெற்ற மண் என்று திரும்பிப் போயின என்பது இரு சமயத்துப் பெரியவர்களும் சொல்லிவந்த செய்தி. வாய்மொழிதான். ஆனால் பட்டியாலா, நாபா கிராமங்களிலிருந்து ஓடிவந்த முஸ்லிம்கள் மலேர்கோட்லா எல்லையைத் தொட்டால் போதும் என்று நினைத்து ஓடினார்கள் என்பதும், ஊர் அகதிகளால் நிரம்பி வழிந்தது என்பதும் நடந்தவை. எல்லைக்கு வெளியே சாலையிலும் ரயிலிலும் அகப்பட்ட மலேர்கோட்லாக்காரர்களை அந்த ஆசி காப்பாற்றவில்லை. ஆகவே "ஒருவர்கூடச் சாகவில்லை" என்பதைச் "சமஸ்தான எல்லைக்குள்" என்று திருத்திப் படியுங்கள்.

என் முடிவு இது: ஆசி நடந்ததா என்பதைவிட, 1947இல் அந்தப் பகுதிச் சீக்கியர்கள் அது நடந்ததாக நம்பினார்கள் என்பதுதான் காரண வரிசையில் நிற்கிறது. 1762ஐ நினைத்திருந்தால் பழிவாங்க நியாயம் கிடைத்திருக்கும், 1872ம் 1927ம்கூட அதற்கு உதவியிருக்கும். அவர்கள் நினைவில் முன்னே வந்து நின்றது சிர்ஹிந்த் தர்பார். நவாபின் காவல் இல்லாமல் அந்த நினைவு மட்டும் தாக்குப்பிடித்திருக்குமா என்றால், தாங்காது என்றே நினைக்கிறேன். பக்கத்துக் கிராமங்களில் பல தலைமுறை உறவுகளே அந்த வாரங்களில் உதவவில்லை.

இனி மனிதர்கள். ஹைதர் ஷேக் தர்காவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள் அல்ல, சுற்றுவட்டாரத்துச் சீக்கியர்களும் இந்துக்களும். வியாழன் இரவு கூட்டம் சேரும். ஆனி மாதத்தை ஒட்டி நிர்ஜலா ஏகாதசி நாளில் பெருந்திருவிழா. ஒரு சூஃபியின் அடக்கத்தலத்தில் திருவிழாத் தேதியை இந்துப் பஞ்சாங்கம் தீர்மானிக்கிறது! பாபா ஹைதர் ஷேக் தங்கள் மேல் இறங்கியதாக ஆடுகிறவர்கள், அவர்களைச் சுற்றி உட்கார்ந்து குறி கேட்கிறவர்கள், குழந்தை வரம் வேண்டி ஆடு நேர்ந்துகொள்கிறவர்கள் எல்லாம் உண்டு. சீர்திருத்தவாத முஸ்லிம்களுக்கு இதில் முகச்சுளிப்பு உண்டு, கண்டிப்பான சீக்கியர்களுக்கும் உண்டு. வருகிறவர்கள் இருவரையும் கண்டுகொள்வதில்லை.

பிழைப்பு என்றால் காய்கறி, இரும்பு, ஜரிகை. கம்போஜ் சமூகத்து முஸ்லிம்கள் காய்கறி விளைவிப்பதில் பேர்போனவர்கள். தையல் மெஷின், சைக்கிள் உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறைகள் நிறைய. எனக்குப் பிடித்தது மூன்றாவது. ராணுவ அதிகாரிகளின் தொப்பியிலும் தோளிலும் உள்ள ஜரிகைச் சின்னங்களைக் கையால் தைக்கிற குடும்பங்கள் அங்கே சந்து சந்தாக இருக்கின்றன. இந்தியப் படைகளுக்கு மட்டுமல்ல, வெளிநாட்டுப் படைகளுக்கும் கிளப்புகளுக்கும் போகிறது. பனியா வணிகர்களும் சமணர்களும் கடைவீதியில் பழைய குடிகள். பேச்சு எல்லோருக்கும் மாளவாப் பஞ்சாபி, படித்த முஸ்லிம் வீடுகளில் உருது. பஞ்சாப் அரசின் உருது அகாதமி இங்கேதான் இருக்கிறது. காந்தி படத்தில் படேலாக வந்த சயீத் ஜாஃப்ரி 1929இல் இந்த ஊரில் பிறந்தவர். கவிஞர் இக்பாலின் நெருங்கிய நண்பர் சர் சுல்ஃபிகார் அலி கான் நவாப் குடும்பத்தவர். கடைசி நவாபின் கடைசி பேகம் முனவ்வருன்னிசா, இடிந்துகொண்டிருந்த முபாரக் மன்ஸில் அரண்மனையில் பிள்ளையில்லாமல் தனியே இருந்து 2023இல் நூறு வயதை ஒட்டிக் காலமானார். 2021இல்தான் அரசு மூன்று கோடி ரூபாய் கொடுத்து அந்த மாளிகையை எடுத்துக்கொள்ள முடிவு செய்தது.

அதே 2021இல் ஈகைப் பெருநாள் அன்று, முதல்வர் அமரீந்தர் சிங் மலேர்கோட்லாவைத் தனி மாவட்டமாக்குவதாக அறிவித்தார். பட்டியாலா அரச வம்சத்தவர் அவர் என்பது கவனிக்கத்தக்கது. மத அடிப்படையில் மாவட்டமா என்று உத்தரப்பிரதேச முதல்வர் யோகி ஆதித்யநாத் கேட்க, இருவருக்கும் வாக்குவாதம் ஆனது. 2016 ஜூனில் குர்ஆன் பக்கங்கள் கிழித்து வீசப்பட்டு, கோபத்தில் ஆளுங்கட்சி எம்எல்ஏ வீடு தாக்கப்பட்டதையும் சொல்லிவிட வேண்டும். ஊர் பதற்றத்துக்கு அப்பாற்பட்டது அல்ல, அப்படி எழுதுகிறவர்களை நம்பாதீர்கள்.

போகலாமா என்றால், தாராளமாக. லூதியானாவிலிருந்து துரி வழியாக ஜாக்கல் போகிற ரயில் பாதையில் மலேர்கோட்லா நிலையம் இருக்கிறது, பேருந்தும் அடிக்கடி. வியாழக்கிழமை மதியம் போய்ச் சேருங்கள். ஹா தா நாரா குருத்வாரா, நாம்தாரி நினைவிடம், சிர்ஹிந்தி கேட் பக்கத்துக் கடைவீதி பார்த்துவிட்டு இருட்டிய பிறகு தர்காவுக்குப் போனால் கூட்டம் நிறைந்திருக்கும். சின்னம் தைக்கிற கடைகளில் படம் எடுக்கும் முன் கேட்டுவிடுங்கள். ராணுவ ஆர்டர் என்றால் விட மாட்டார்கள்.